இருபத்தோராவது காட்சி

டார்ச்சக்கா யார் வீட்டுக்குப் போனாலும் தண்ணீர் டம்ளரை ஒரு தடவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள். கொடுத்தவர்கள் எதிரிலேயே நிற்பார்கள். அதைப் பற்றியெல்லாம் அவளுக்குக் கவலை கிடையாது. கல்யாணப் பேச்சு வந்தபோது, மாப்பிள்ளை குடிநீர் வாரியத்தில் மீட்டர் கணக்கெடுக்கிறார் என்றார்கள். சொன்னால் நம்பிவிடுகிற ஆளா இவள்? அந்த ஆபீசுக்கு எதிரே மூன்று நாள் போய் நின்று, மனிதர் நிஜமாகவே உள்ளே போகிறாரா, சாயங்காலம் அதே கதவு வழியாக வெளியே வருகிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் சரி என்றாள். “மூணு நாளா ஒரே பொண்ணு நின்னு மொறைக்குதே, போலீஸ்ல இருந்து வந்திருக்கோன்னு பயந்துட்டேன்” என்று அவர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். அவள் சிரிக்கமாட்டாள்.

பெயர் வந்தது தியேட்டரில்தான். பத்தொன்பது வயதில், இருட்டில் சீட்டு காட்டுகிற வேலைக்குச் சேர்ந்தாள். டார்ச் வெளிச்சத்தை டிக்கெட்டின் மேல் அடிப்பாள், பிறகு ஆளின் முகத்தில் அடிப்பாள், பிறகு மறுபடியும் டிக்கெட்டின் மேல். முப்பத்து மூன்று வருடத்தில் கூட வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, கடைசியில் அவளே மேனேஜர். மேனேஜர் என்றதும் சுழல் நாற்காலியை நினைத்துக்கொள்ள வேண்டாம். டிக்கெட் கொடுப்பவள், கிழிப்பவள், காட்சிப் பதிவேடு எழுதுபவள், கழிப்பறை பல்பு மாற்றுபவள் எல்லாம் அவள்தான். கீழே பெயின்ட் கடை, மேலே இருநூற்றுப் பத்து இருக்கைகள் உள்ள தியேட்டர், நடுவில் தகரக் கூரை போட்ட ஓர் இரும்புப் படிக்கட்டு. அவளைத் தவிர நிரந்தர ஆள் ஒரே ஒருவர், ஆபரேட்டர். அவளைவிட ஆறு வயது மூத்தவர், அவரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

இருவருக்கும் நடுவே பேச்சு அதிகம் கிடையாது, ஒரு மணிதான். கவுண்டர் மேஜைக்கு அடியில் ஒரு பொத்தான், அதன் ஒயர் மேலே ஆபரேட்டர் அறைக்குப் போகிறது. காட்சி நேரத்துக்குப் பத்து நிமிடம் கழித்து அவள் ஒரு தடவை அழுத்தினால், ஆள் வந்திருக்கிறது, போடு என்று அர்த்தம். இரண்டு தடவை அழுத்தினால், ஒருத்தரும் இல்லை, விட்டுவிடு. காலி அறைக்குப் படம் காட்டும் மிஷின் விளக்கு எரிந்தால் விளக்கின் ஆயுள் போகிறது என்று முதலாளி எப்போதோ போட்ட சட்டம். முதலாளி போய்ச் சேர்ந்து அவருடைய மகன் வந்தாயிற்று, சுருள் படம் போய் டிஜிட்டல் மிஷின் வந்தாயிற்று, மணி மட்டும் மாறவில்லை. பதிவேட்டில் “மூன்று காட்சி” என்று காலையிலேயே எழுதிவிடுவாள். ராத்திரி யாராவது கேட்டால் “மூணும் ஓடுச்சு” என்பாள். அதில் பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவளுக்கு வந்ததில்லை.

அந்த வருடம் அந்தச் சின்னத் தியேட்டருக்குத் திடீரென்று மவுசு வந்தது. விருதுக் குழுவின் விதிதான் காரணம். போட்டியில் ஒரு படம் சேர வேண்டுமானால், ஓ.டி.டி. என்கிற வீட்டுத்திரைக்குப் போவதற்கு முன்னால் ஏதாவது ஒரு தியேட்டரில் தொடர்ந்து ஏழு நாள், நாளுக்கு மூன்று காட்சி, பொதுமக்களுக்கு டிக்கெட் விற்று ஓடியிருக்க வேண்டும். மொத்தம் இருபத்தோரு காட்சி. ஓடியது என்று தியேட்டர் மேனேஜர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

முதலில் வந்த படம் அவளுடைய தம்பியின் படம். அவளைவிடப் பதினான்கு வயது சின்னவன். அம்மா போன பிறகு அவனுக்குத் தலை வாரி ஸ்கூலுக்கு அனுப்பியது இவள்தான். விளம்பரப் படங்களுக்குச் சத்தம் சேர்ப்பது அவன் தொழில். ஆறு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எடுத்து, ஆஸ்பத்திரி லிஃப்டில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணைப் பற்றிப் படம் முடித்திருந்தான். பார்த்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள், ஒருத்தரும் வாங்கவில்லை. ஒரே ஒரு வீட்டுத்திரைக் கம்பெனி மட்டும், விருதுப் போட்டியில் சேர்த்துக்கொண்டால் எடுத்துக்கொள்கிறோம், இல்லாவிட்டால் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டது. ஆக, போட்டியில் சேர்ந்தால் படத்தை ஊர் பார்க்கும். சேராவிட்டால் ஆறு வருடமும் ஒரு பெட்டிக்குள் கிடக்கும்.

“நீ வேலையைப் பாருடா. ஏழு நாளும் நான் பாத்துக்கறேன்” என்றாள் டார்ச்சக்கா. ஏழு நாளும் ராத்திரி அவன் போன் செய்து கேட்டான். ஏழு நாளும் “மூணும் ஓடுச்சுடா” என்றாள். எட்டாம் நாள் சான்றிதழில் கையெழுத்துப் போட்டு, முத்திரையைக் கொஞ்சம் அழுத்தியே குத்தினாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பெரிய வீட்டுத்திரைக் கம்பெனி வந்தது. வேறு கம்பெனி, ஆனால் அதே போட்டி, அதே பிரிவு. பெரிய பெரிய நடிகர்கள். அப்பேர்ப்பட்ட படத்துக்கு, பெயின்ட் கடை மாடியில் எதற்காக ஏழு நாள்? வாசலில் ஒட்ட ஒரே ஒரு போஸ்டர் கொடுத்தார்கள், அதுவும் காலண்டர் அளவுக்கு. ஊரில் ஈ காக்கைக்குத் தெரியாது. டார்ச்சக்காவுக்கு அன்றைக்கே மூக்கில் வேர்த்துவிட்டது.

முதல் நாள் காலைக் காட்சிக்கு ஒரே ஒரு ஆள் வந்தார். மெலிந்த மனிதர், கையில் நீலக்குடை. ஒரு டிக்கெட் வாங்கி, எட்டாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்தார். ஆள் வந்திருக்கிறதே, அவள் ஒரு தடவை மணி அடித்தாள். மதியக் காட்சிக்கும் அதே நீலக்குடை. மாலைக் காட்சிக்கும் அதே நீலக்குடை, கூட வேறு நாலைந்து பேர். மறுநாளும் மூன்று காட்சிக்கும் அவர் வந்தார். ஒரே படத்தை ஒரு நாளில் மூன்று தடவை பார்க்கிறவன் ஒன்று பைத்தியமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கூலிக்கு வந்தவனாக இருக்க வேண்டும். இவர் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார், அதனால் பைத்தியம் இல்லை.

அன்றிலிருந்து அவள் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தாள். அவர் நோட்டில் ஏதோ எழுதுகிறார் என்று தெரிந்ததும், சீட்டு சரிபார்க்கிற சாக்கில் டார்ச்சை நோட்டின் மேலேயே அடித்தாள். காட்சி தொடங்கிய நேரம், இடைவேளை, முடிந்த நேரம், வரிசையாக எழுதியிருந்தது. மூன்றாம் நாள் அவள் மின்கட்டண ஆபீசுக்குப் போய்விட்டு வந்தால், மதியக் காட்சி பன்னிரண்டு நிமிடம் முன்னாலேயே முடிந்து கதவு திறந்து கிடந்தது. நீலக்குடையும் ஆபரேட்டரும் படிக்கட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் பேச்சு நின்றது. ஆபரேட்டர் காலில் புதுச் செருப்பு.

வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம் கொட்டினாள். “படத்தை வெட்டி ஓட்டறாங்க. ஆபரேட்டரைக் கையில போட்டுக்கிட்டாங்க. ஆள் வந்த மாதிரி காட்டறதுக்கு ஒருத்தனை உக்கார வெச்சிருக்காங்க.”

“செருப்பு அறுந்தா புதுசு வாங்கக் கூடாதா?” என்றார் அவர்.

“இன்னிக்குத்தான் அறுந்துதா?”

“அதை என்னைக் கேட்டா? உன் தம்பி படமும் அதே போட்டியில இருக்கு. நீ போய் அவங்க மேல ஏதாச்சும் சொன்னா நல்லாவா இருக்கும்?”

“உண்மையை யார் சொன்னா என்ன?”

அவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். இந்த மாதிரி நேரத்தில் விரித்துக்கொள்வதற்கென்றே பழைய தாள் ஒன்றை மடித்துப் பக்கத்திலேயே வைத்திருப்பார்.

ஏழாம் நாள் மதியம் அவளால் அடக்க முடியவில்லை. டிக்கெட்டை நீட்டிய கையை விடாமலே நீலக்குடையைக் கேட்டுவிட்டாள். “சார், நீங்க யாரு? எதுக்கு இத்தனை தடவை இதே படத்தைப் பாக்கறீங்க?”

அவர் கோபப்படவில்லை. “கம்பெனி ஆள்தாம்மா. ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்ல. காலித் தியேட்டர்ல படத்தைப் போட மாட்டாங்க, போட்டோம்னு எழுதிடுவாங்க. போன வருஷம் எங்க படம் ஒண்ணு அப்படித்தான் போட்டியை விட்டுப் போச்சு. ஒரு ஆளாவது உள்ள உக்காந்தா போட்டுத்தானே ஆகணும்? அதான் என்னை அனுப்பிச்சிருக்காங்க. எனக்கு இந்தப் படத்தோட வசனம் மொத்தமும் மனப்பாடம். வேணும்னா சொல்றேன், கேக்கறீங்களா?”

“எங்க தியேட்டர்ல அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது” என்றாள் டார்ச்சக்கா. சூடாகவே சொன்னாள், மனதாரவும் சொன்னாள். படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்த ஆபரேட்டர் ஒரு நொடி நின்று அவளைப் பார்த்துவிட்டு மேலே போனார். அந்தப் பார்வையையும் அவள் ஆபரேட்டரின் கணக்கிலேயே குற்றமாக எழுதிக்கொண்டாள்.

மறுநாள் கம்பெனிக்காரர்கள் கேட்ட சான்றிதழோடு, விருதுக் குழுவுக்குத் தனியாக ஒரு கடிதமும் அனுப்பினாள். போஸ்டர் இல்லை, விளம்பரம் இல்லை, எல்லாக் காட்சிக்கும் ஒரே ஆள் வந்தார், ஒரு காட்சி பன்னிரண்டு நிமிடம் குறைந்தது, ஆகவே எங்கள் மிஷினில் பதிவாகியிருக்கும் ஓட்ட விவரத்தைத் தாங்களே பரிசோதிக்க வேண்டும் என்று எழுதினாள். டிஜிட்டல் மிஷின், எந்தப் படம் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது என்று தன் பாட்டுக்குப் பதிந்து வைத்துக்கொள்ளும். அதில் யாரும் கை வைக்க முடியாது. கையும் களவுமாகப் பிடிக்க அதைவிட வேறென்ன வேண்டும்? தபாலில் போட்டுவிட்டு வந்த அன்று இரண்டு வாய் கூடவே சாப்பிட்டாள்.

பதில் பத்து நாளில் வந்தது. தங்கள் புகாருக்கு நன்றி என்று தொடங்கியது. யாருக்கும் பாரபட்சம் கூடாது என்பதால், இந்த வருடம் தங்கள் தியேட்டரில் ஓடி இப்போட்டிக்கு வந்த இரண்டு படங்களின் பதிவையும் அனுப்பி வைக்கவும் என்று முடிந்தது.

இரண்டு படங்கள். அவள் அதைக் கவனித்தாள். இரண்டையும் தாராளமாகப் பார்க்கட்டும் என்றே நினைத்தாள்.

ஆபரேட்டர் அறையில் மின்விசிறி சத்தத்துக்கு நடுவே மிஷின் பதிவைத் தாளில் எடுத்துக் கொடுத்தார். முதலில் பெரிய கம்பெனியின் படம். அவள் பேனாவால் ஒவ்வொரு வரியாகத் தொட்டு எண்ணினாள். இருபத்தொன்று. எல்லாமே முழு நீளம். மூன்றாம் நாள் மதியத்தில் மட்டும் இடைவேளை விடவில்லை.

“ஒரே ஆள்தானே, எனக்கு இடைவேளை வேணாம், நேராப் போடுங்கன்னாரு” என்றார் ஆபரேட்டர். “அதைத்தான் படிக்கட்டுல நின்னு பேசிட்டிருந்தோம்.”

“செருப்பு?” என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள்.

அடுத்த தாள் தம்பியின் படம். எண்ணினாள். இருபது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினாள். இருபதுதான் வந்தது.

“புதன்கிழமை காலைக் காட்சி எங்க?”

ஆபரேட்டர் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“உங்களைத்தான் கேக்கறேன். எதை அழிச்சீங்க?”

“அழிக்க முடியாதுக்கா, அது உங்களுக்கே தெரியும்.” அவர் மெதுவாகச் சொன்னார். “அன்னிக்கு மழை. நீங்க ரெண்டு தடவை அடிச்சீங்க. நான் போடலை.”

“என் தம்பி படத்துக்கு நான் ரெண்டு தடவை அடிப்பேனா?”

“அடிச்சீங்க.”

டார்ச்சக்கா மறுபடி தாளைப் பார்த்தாள். மழை ஞாபகம் வந்தது. தெருவில் முழங்கால் தண்ணீர். பதினொன்று பத்துவரை ஒருத்தரும் ஏறி வரவில்லை. நனைந்த செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்தது, கவுண்டர் கதவை இறக்கியது, பின்னறையில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்தது எல்லாம் ஞாபகம் வந்தது. மணி அடித்தது மட்டும் ஞாபகத்தில் இல்லை. மூச்சு விட்டது யாருக்கு ஞாபகம் இருக்கும்? முப்பத்து மூன்று வருடம் அழுத்திய விரல், யாருடைய படம் என்று கேட்டுவிட்டா அழுத்தும்? பதிவேட்டைப் புரட்டினாள். புதன்கிழமைக்கு நேரே, காலையிலேயே எழுதிவைத்த அவளுடைய கையெழுத்து: மூன்று காட்சி.

ஏழு நாளும் நீலக்குடையின் மேல் டார்ச் அடித்தாளே, ஒரு தடவையாவது அந்த மேஜைக்கு அடியில் அடித்துப் பார்த்தாளா? அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது. அவர்களுக்குச் சம்பளம் கொடுத்து ஓர் ஆளை உள்ளே உட்கார வைக்க முடிந்தது. அவள் தம்பிக்கு இருந்த ஒரே ஆள் இவள், இவளோ பின்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். போகட்டும் என்று யாராவது விட்டிருப்பார்கள். புகார் எழுதி, பரிசோதிக்கச் சொல்லி ஒற்றைக் காலில் நின்றதும் இவளேதான்.

“அக்கா, நான் தூங்கிட்டேன்னு எழுதிடுங்க” என்றார் ஆபரேட்டர். “ஆபரேட்டர் தப்புன்னா ஒருவேளை தயவு பாப்பாங்க. எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் சர்வீஸ். திட்டினா திட்டிட்டுப் போறாங்க.”

இந்த மனிதரைத்தான் விலைபோனவர் என்று ஊருக்கு எழுதாத குறையாக எழுதினாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. “உங்களுக்கு எதுக்கு அந்தப் பேரு?” என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் கீழே இறங்கினாள்.

கவுண்டரில் உட்கார்ந்து கடிதம் எழுதினாள். புதன்கிழமை காலைக் காட்சி நடக்கவில்லை, நிறுத்தச் சொன்னது நான், சான்றிதழில் நான் எழுதியது தவறு, படம் எடுத்தவருக்கு இது தெரியாது, அவர் என் தம்பி. கடைசி வரியை எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றது, பிறகு எழுதியது. முதலில் தம்பியிடம் சொல்லிவிட்டு அப்புறம் தபாலில் போடலாம் என்றுதான் கிளம்பினாள். பாதி வழியில் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவளுக்குத் தன் மேல் சந்தேகம் வந்தது. அவன் முகத்தைப் பார்த்தால் இந்த உறை அப்படியே பைக்குள் போய்விடும். வந்த வழியே திரும்பி, தபாலாபீசில் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு பிறகு போனாள்.

தம்பியின் அறை ஒரு தையற்கடைக்கு மேலே இருந்தது. வெளிச்சத்தம் வராமலிருக்கச் சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளைச் சாய்த்து வைத்திருந்தான். அவன் காதிலிருந்து ஹெட்போனை எடுத்துவிட்டு அவளை உட்காரச் சொன்னான். அவள் உட்காரவில்லை. நின்றபடியே, வேகமாக, ஒன்றும் விடாமல் சொல்லி முடித்தாள். மணி, மழை, மூன்று என்று எழுதியது, புகார், ரசீது.

அவன் வெகுநேரம் ஹெட்போன் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

“அப்ப போட்டியில இல்ல” என்றான்.

“இல்லடா.”

“அந்தக் கம்பெனியும் எடுக்காது.”

“எடுக்காது. திட்டுடா. என்னை நல்லாத் திட்டு.”

அவன் திட்டவில்லை. “அன்னிக்கு நான் வந்தேன்க்கா” என்றான்.

“என்னிக்கு?”

“புதன்கிழமை. காலைக் காட்சிக்குத்தான் கிளம்பினேன். மழையில பஸ் கிடைக்காம இருபது நிமிஷம் லேட். கவுண்டர் மூடியிருந்துது. சரி, படம் ஆரம்பிச்சாச்சுன்னு நெனச்சேன். கதவைத் திறந்தா உள்ள வெளிச்சம் விழும், பாக்கறவங்களுக்குத் தொந்தரவு. அதான் படிக்கட்டுலயே உக்காந்துட்டேன். முடிஞ்சு வர்றவங்க முகத்தைப் பாக்கலாம்னு.”

“எவ்வளவு நேரம்?”

“படம் முடியற வரைக்கும். ஒண்ணே முக்கால் மணி நேரம்.”

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மெத்தையில் கை புதைந்தது. “உள்ள சத்தமே வந்திருக்காதேடா. நீ சத்தத்தோட வேலை பாக்கறவன். உனக்குத் தெரியலையா?”

“தகரக் கூரையில மழை. அதனால கேக்கலைன்னு நெனச்சுக்கிட்டேன்.”

“ஒருத்தரும் வெளிய வரலையே, அப்பவும் தோணலையா?”

“பின்பக்கப் படி வழியாப் போயிருப்பாங்கன்னு நெனச்சேன்.”

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? அன்னிக்கே கேட்டிருந்தா அடுத்த வாரம் மறுபடி ஏழு நாள் போட்டிருப்பேனே!” அவள் குரல் உடைந்து அழுகையாகிவிட்டது.

“கேட்டேனேக்கா. ராத்திரி போன்ல கேட்டேன். மூணும் ஓடுச்சுன்னு நீ சொன்னே.” அவன் எழுந்து, குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு அவளிடம் நீட்டினான். “நீ சொன்னப்புறம் நான் வேற யாரைக் கேக்கறது?”

டார்ச்சக்கா டம்ளரை வாங்கி, பார்க்காமல் குடித்தாள்.